மொறிஸ் மைனருக்குக் காபரேட்டர் மாற்றுவதும் காற்றுக் குழாய்களை ஒழுங்குபடுத்துவதும்: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மொறிஸ் மைனர் வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் இரண்டு குறை கட்டாயம் காதில் விழும். ஒன்று, காருக்குள் பெற்றோல் மணக்கிறது. மற்றது, வெயிலில் ஓடிவிட்டு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுதில்லை. உடனே பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரில் பழி விழுகிறது. புதியது வாங்கிப் பூட்டுகிறார்கள். சில வாரத்தில் அதே மணம், அதே பிடிவாதம்.

காபரேட்டரோடு சேர்ந்த காற்றுக் குழாய்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். இந்தக் காரில் மூன்று இடங்கள் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும்: பெற்றோல் தாங்கி, காபரேட்டரின் ப்ளோட் சேம்பர் (பெற்றோல் தங்கி நிற்கும் சிறு கிண்ணம்), எஞ்சினின் உட்பகுதி. இதில் ஒன்று அடைபட்டாலும் எவ்வளவு நல்ல காபரேட்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் இந்த வழிகாட்டியில் காபரேட்டர் மாற்றுவதற்குக் கொடுக்கிற அதே அளவு இடத்தைக் காற்றுக் குழாய்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது 1956 முதல் வந்த 948 சிசி, 1962 முதல் வந்த 1098 சிசி மைனர்களுக்கு. இரண்டிலும் எஸ்யூ காபரேட்டர்தான். 948இல் எச்2, 1098இல் எச்எஸ்2. அதே ஏ வரிசை எஞ்சின் உள்ள பழைய மினி, ஒஸ்ரின் கார்களுக்கும் அடிப்படை இதேதான். குழாய்கள் போகும் வழி மட்டும் மாறும்.

கழற்றும் முன்: பழுது காபரேட்டரில்தானா?

காபரேட்டர் பழுது என்று வருகிற கார்களில் நிறைய உண்மையில் இக்னிஷன் (தீப்பொறி) பழுது. ஸ்பானரை எடுக்க முன்பு இவற்றைப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். டப்பெட் (வால்வ்) இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.012 அங்குலம். இவை சரியாக இல்லாமல் காபரேட்டரைத் திருகினால் ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் செய்கிறோம்.

அடுத்து பெற்றோல் வரத்து. காபரேட்டர் மூடிக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திறந்து பம்பை ஓட விடுங்கள். நல்ல நிலையில் உள்ள எஸ்யூ மின்பம்பு நிமிடத்துக்கு அரை லீற்றர் அளவு தள்ளும். குமிழி குமிழியாக வந்தால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது. பம்பு முன்னால், தாங்கி பின்னால். இடையில் உள்ள நீண்ட குழாய் முழுவதும் பெற்றோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது, ஆகவே ஊசித் துளை இருந்தாலும் வெளியே சொட்டாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கடற்கரையோரம் நிற்கும் கார்களில் இந்த இரும்புக் குழாய் கீழ்ப்பக்கமாக உக்கிப்போவது வழமை.

சரி, இதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் குறை தீரவில்லை. இப்போது த்ரொட்டில் (அக்ஸிலரேட்டர் மிதித்தால் திறக்கிற தகடு) சுழலும் தண்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது தண்டின் இரு முனையிலும் ஒரு சொட்டு எஞ்சின் ஒயில் விடுங்கள். ஓட்டம் மாறினால் அந்த வழியாகக் காற்றுப் போகிறது என்று அர்த்தம். சோதனைக்காகக் காபரேட்டர் கிளீனரை அடிக்கச் சிலர் சொல்வார்கள். மைனரில் சூடான எக்ஸோஸ்ட் மனிபோல்டுக்கு நேர் மேலே காபரேட்டர் இருக்கிறது, அந்த வேலையே வேண்டாம்.

துளை தேய்ந்த பொடி (காபரேட்டரின் உடல்), வளைந்த பிளாஞ் (எஞ்சினோடு சேர்த்துப் பூட்டும் விளிம்பு), உப்புக் காற்றில் வெள்ளைத் தூள் பூத்துப் பள்ளம் விழுந்த பொடி, இவை மூன்றும் மாற்ற வேண்டியவை. வெறும் அழுக்கும் பிசினும் என்றால் கழற்றிக் கழுவி, கஸ்கெட் கிட் போட்டால் போதும். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்கள் பலவற்றின் வியாதி இதுதான்: ப்ளோட் சேம்பரில் நின்ற பெற்றோல் வற்றி மஞ்சள் பிசினாகப் படிந்திருக்கும். அதற்குப் புதிய காபரேட்டர் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

எதை வாங்குவது

என் கருத்து உறுதியானது: எஸ்யூவுக்கு எஸ்யூதான். ஜப்பான் வான் காபரேட்டரையும் மோட்டார் சைக்கிள் காபரேட்டரையும் தகடு வெட்டிப் பொருத்தி ஓட்டுபவர்கள் நம்மூரில் உண்டு. கார் ஓடும். ஆனால் மைனரின் மென்மையான இழுவை போய்விடும், சோக் வேலை செய்யாது, பிறகு யாராலும் அதைச் சரியாக டியூன் பண்ணவும் முடியாது. எஸ்யூவின் அழகே அதன் எளிமை. பெற்றோல் வரும் துளையாக ஒரே ஒரு ஜெட், அதற்குள் ஏறி இறங்குகிற கூர்மையான ஒரு நீடில், எஞ்சின் எவ்வளவு காற்றைக் கேட்கிறதோ அவ்வளவுக்கு உயரும் ஒரு பிஸ்டன். கையில் எடுத்துப் பார்த்தாலே எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும்.

எஸ்யூ என்ற பெயரில் புதிய காபரேட்டர்கள் இன்றும் இங்கிலாந்தில் தயாராகின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையவை கிடைக்கும். பழையது வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: தண்டில் ஆட்டம், பிஸ்டன் தங்குதடையின்றி விழுகிறதா, ப்ளோட் சேம்பர் மூடியின் ஸ்குறுவுக்குக் கீழே சிறிய அலுமினிய அடையாளத் தகடு இருக்கிறதா. அந்தத் தகட்டில் உள்ள இலக்கத்தைக் கொண்டு எந்தக் காருக்குச் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். டாஷ்பொட்டும் (பிஸ்டன் ஏறி இறங்கும் மேல் மூடி) பிஸ்டனும் சோடியாகச் செய்யப்பட்டவை. இரண்டு காபரேட்டரைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம்.

நீடில் முக்கியம். 948 எச்2வுக்கு வழக்கமானது எம் நீடில். 1098 எச்எஸ்2வுக்கு ஏஎன். மினியிலிருந்து கழற்றிய எச்எஸ்2 பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு நீடில் இருக்கும். நீடிலின் தண்டில் எழுத்துப் பொறித்திருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

கூடவே வாங்க வேண்டியவை: பிளாஞ்சுக்குரிய கஸ்கெட்டுகள், சூடு தடுக்கும் கட்டை வெடித்திருந்தால் புதியது, பெற்றோலுக்கென்றே செய்த ஹோஸ், அதற்குரிய கிளிப், இரண்டு த்ரொட்டில் ஸ்பிரிங். ஹோஸில் தயவுசெய்து காசைப் பார்க்காதீர்கள். ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் எஞ்சின் சூட்டில் முதலில் இளகும், பிறகு கண்ணாடிபோல இறுகி வெடிக்கும். அது வெடிக்கிற இடம் எக்ஸோஸ்டுக்கு மேலே.

கழற்றுதல்

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஆனால் கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் வேண்டாம். அந்தச் சூட்டில் பெற்றோல் கண் முன்னாலேயே ஆவியாகும், காற்று அந்த ஆவியை எங்கேயோ உள்ள அடுப்புக்கோ பீடிக்கோ கொண்டு போகும். காலை ஏழு மணி நல்ல நேரம். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று, இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பற்றரியின் ஏர்த் கேபிளைக் கழற்றுங்கள். மைனர் பாக்டரியிலிருந்து வந்தபோது பொசிடிவ் ஏர்த். அதாவது பொடியோடு இணைந்திருப்பது பொசிடிவ் முனை. ஆனால் டைனமோவை எடுத்துவிட்டு ஒல்டர்னேட்டர் போட்ட கார்கள் பல நெகடிவ் ஏர்த்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. உங்கள் காரில் எது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். புதிதாக எலெக்ட்ரோனிக் பம்பு போடுகிற எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம், மாற்றிக் கொடுத்தால் பம்பு எரிந்துவிடும்.

எதையும் கழற்ற முன்பு நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு துண்டு டேப் ஒட்டி எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்.

எயார் கிளீனரைக் கழற்றி, உள்ளே ஒன்றும் விழாமல் காபரேட்டர் வாயில் துணி அடையுங்கள். பெற்றோல் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்து உயரமாகக் கட்டுங்கள். டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வக்யூம் குழாய், சோக் கேபிள், த்ரொட்டில் இணைப்பு, ஸ்பிரிங், ப்ளோட் சேம்பர் மூடியிலிருந்து கீழே போகும் காற்றுக் குழாய் என்று ஒவ்வொன்றாக விடுவியுங்கள். பிறகு பிளாஞ்சின் இரண்டு நட். இவை அரை அங்குல ஏஎப் ஸ்பானருக்கு உரியவை. மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு முனையை உருட்டிவிட்டால் அந்த ஒடுக்கத்துக்குள் அது பெரிய தலையிடி. காபரேட்டரை நிமிர்த்தியபடியே வெளியே எடுத்து, உள்ளே உள்ள பெற்றோலைத் தகரப் பேணியில் ஊற்றுங்கள்.

மனிபோல்ட் வாயையும் துணியால் அடையுங்கள். பழைய கஸ்கெட்டை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். சூடு தடுக்கும் கட்டையின் இரு முகமும் தட்டையா என்று பார்க்க, கண்ணாடித் துண்டின் மேல் நைஸான மண் கடதாசி வைத்து ஒரு தடவை மெதுவாகத் தேயுங்கள். உயர்ந்த இடம் மட்டும் பளபளக்கும். முகம் முழுவதும் ஒரே நிறமாக வரும்வரை தேய்த்தால் போதும்.

மேசையில் பார்க்க வேண்டியவை

புதிய காபரேட்டர் என்றாலும் அப்படியே பூட்டக் கூடாது. பூட்டிய பிறகு பார்க்க முடியாத விஷயங்கள் சில உண்டு.

ப்ளோட் மட்டம்: மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். நைலோன் ப்ளோட் உள்ள எச்எஸ்2வில் ப்ளோட் கையின் வளைவுக்கும் மூடி விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். 3 மில்லிமீற்றர் துரப்பண அலகு ஒன்று நல்ல அளவுகோல். எச்2வின் பித்தளை ப்ளோட்டுக்கு அளவு வேறு: எட்டில் மூன்று அங்குலக் கம்பி மூடிக்கும் கைக்கும் இடையே சரியாக இருக்க வேண்டும்.

பிஸ்டன்: ஜெட்டை முழுக்க மேலே தள்ளிவிட்டு, பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். ஜெட் கீழே இருக்கும்போது டக் என்று விழுந்து, மேலே இருக்கும்போது சத்தம் வராவிட்டால் நீடில் ஜெட்டின் ஓரத்தில் உரசுகிறது. ஜெட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, நீடிலால் ஜெட் தானே நடுவுக்கு வரும்படி விட்டு மறுபடி இறுக்க வேண்டும். பொறுமையான வேலை இது. பின்னாளில் வந்த ஸ்பிரிங் நீடில் காபரேட்டர்களுக்கு இது தேவையில்லை. நீடிலின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு மட்டமாக இருக்க வேண்டும்.

டாஷ்பொட்டின் உட்சுவரிலும் பிஸ்டனின் பெரிய விட்டத்திலும் எண்ணெய் பூச வேண்டாம். நடுத் தண்டில் மட்டும் ஒரு சொட்டு. எண்ணெய் பூசினால் நம்மூர்த் தூசி அதில் ஒட்டி, பிஸ்டன் மெல்ல மெல்ல இறுகும்.

கடைசியாக ஜெட்டின் ஆரம்ப நிலை: ஜெட் பாலத்தோடு (பிஸ்டன் வந்து உட்காரும் மேடை) மட்டமாக வரும்வரை அஜஸ்டிங் நட்டை மேலே திருகி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் 12 முகம், கீழே இறக்குங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு இது போதும்.

பூட்டுதல்

மனிபோல்டிலிருந்து வெளியே: கஸ்கெட், சூடு தடுக்கும் கட்டை, கஸ்கெட், வெப்பத் தடுப்புத் தகடு இருந்தால் அது, இன்னொரு கஸ்கெட், பிறகு காபரேட்டர். தகட்டைத் தேவையில்லை என்று எறிந்த கார்கள் ஏராளம். அது மிக அவசியமான ஒரு பாகம். எக்ஸோஸ்டின் சூட்டை ப்ளோட் சேம்பருக்குப் போகவிடாமல் தடுப்பதும், சொட்டுகிற பெற்றோலைத் தாங்குவதும் அதுதான். இல்லாவிட்டால் அலுமினியத் தகட்டில் ஒன்றை வெட்டிப் போடுங்கள்.

கஸ்கெட்டுக்குச் சிலிகோன் பசை பூசாதீர்கள், பெற்றோல் அதைக் கரைத்து உள்ளே இழுக்கும். இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் பிளாஞ் வளையும், வளைந்தால் காற்று இழுக்கும்.

சோக் கேபிளில் 1.5 மில்லிமீற்றர் அளவு தளர்வு விடுங்கள். தளர்வே இல்லாவிட்டால் ஜெட் முழுக்க மேலே வராது, கார் எப்போதும் அதிக பெற்றோல் குடிக்கும். த்ரொட்டிலுக்கு இரண்டு ஸ்பிரிங் போடுங்கள். உப்புக் காற்றில் ஒன்று துருவேறி அறுந்தாலும் மற்றது மூடும். ஆரையம்பதிச் சந்தியில் அக்ஸிலரேட்டர் திறந்தபடி நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, த்ரொட்டில் முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் தானாக மூடுகிறதா என்றும் பாருங்கள்.

டாஷ்பொட்டின் உச்சியில் டாம்பருக்கு (பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் தண்டு) எண்ணெய்: 20 கிரேட் எஞ்சின் ஒயில். இங்குள்ள வெப்பத்துக்கு 20டபிள்யூ50 போட்டாலும் குற்றமில்லை. டாம்பரை மெதுவாக இறக்கும்போது மூடி உட்கார 6 மில்லிமீற்றர் இருக்கையில் தடை தெரிந்தால் அளவு சரி.

காற்றுக் குழாய்கள்

இப்போது முக்கியமான கட்டம்.

*ப்ளோட் சேம்பர்.* பெற்றோல் ஜெட்டுக்குள் ஏறுவதற்குக் காரணம் பம்பு இல்லை. ப்ளோட் சேம்பரில் உள்ள பெற்றோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே அழுத்தம் குறைவு. அந்த வித்தியாசம்தான் பெற்றோலை மேலே தள்ளுகிறது. மூடியில் உள்ள சிறிய காற்றுக் குழாய் அடைபட்டால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். வேகமாக ஓடும்போது பெற்றோல் வராமல் இழுவை விழும். வெயிலில் நிறுத்தினால் சேம்பருக்குள் கொதிக்கும் பெற்றோலின் ஆவிக்கு வேறு வழியில்லாமல் ஜெட் வழியாகவே மனிபோல்டுக்குள் தள்ளப்படும். பிறகு எஞ்சின் நனைந்து ஸ்டார்ட் ஆகாது. முதலில் சொன்ன இரண்டு குறையில் ஒன்றின் வேர் இங்கேதான்.

இந்தக் குழாயை அடைப்பது பெரும்பாலும் குளவிக் கூடு. நின்ற காரின் குழாய் முனையில் மண் கூடு கட்ட அதற்கு இரண்டு நாள் போதும். மெல்லிய கம்பியை விட்டு, பிறகு காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மூடியிலேயே உள்ள துளையையும் சேர்த்துப் பாருங்கள்.

குழாய் எங்கே முடிய வேண்டும்? எக்ஸோஸ்ட் குழாய்க்கும் கீழே, அதிலிருந்து விலகி, நிலத்தை நோக்கி. சேம்பருக்குள் பெற்றோல் வருவதை நிறுத்தும் நீடில் வால்வில் தூசி மாட்டிப் பெற்றோல் பொங்கினால் அது இந்த வழியாகத்தான் வெளியே வரும். குழாய் பாதியில் அறுந்திருந்தால் பெற்றோல் சூடான மனிபோல்டில் சொட்டும். மைனர்கள் தீப்பிடித்த கதைகளில் இந்தக் குழாய்க்குப் பங்கு இல்லாமல் இருக்காது என்றே நினைக்கிறேன். காபரேட்டர் அருகில் உலோகக் குழாய் அல்லது பெற்றோல் ஹோஸ், எங்கும் மடிப்பு இல்லாமல், கீழ்நோக்கிய சரிவு மட்டும். நடுவில் தொய்வு விழுந்தால் அதில் பெற்றோல் தேங்கி அடைத்துவிடும். முனையைச் சாய்வாக வெட்டுங்கள். இந்தக் குழாயை வேறு எந்தக் குழாயோடும் ரீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைக்கக் கூடாது. மணம் வருகிறது என்று முனையை அடைக்கவே கூடாது.

*எஞ்சின் பிரீதர்.* பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சினின் அடிப்பகுதிக்குள் இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். பழைய அமைப்பில் டப்பெட் மூடியிலிருந்து ஒரு குழாய் நிலத்தை நோக்கிப் போகும், வால்வ் மூடியிலிருந்து ஒரு ஹோஸ் எயார் கிளீனருக்குப் போகும். இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உள்ளே கறுப்புப் பசை தடித்துப் போயிருப்பதைக் காண்பீர்கள்.

இது அடைபட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த எஞ்சினின் பின்பக்கக் கிராங்கில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம் மட்டும்தான். உள்ளே அழுத்தம் கூடினால் எண்ணெய் நேரே கிளட்சுக்குப் போகும். கியர்பொக்ஸ் கூட்டின் அடியில் ஒரு துளையும் அதில் ஒரு பின்னும் இருக்கும். அங்கே எண்ணெய் சொட்டினால் எஞ்சினை இறக்க முன்பு பிரீதரைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவாக வேண்டிய வேலை ஒரு ஹோஸோடு முடியலாம்.

நீங்கள் வாங்கிய எச்எஸ்2வின் பொடியில், பிஸ்டனுக்கும் த்ரொட்டிலுக்கும் இடையே தடித்த ஒரு குழாய் முனை துருத்திக்கொண்டு இருக்கலாம். அது எஞ்சின் வாயுவைக் காபரேட்டர் வழியாக உறிஞ்சி எரிப்பதற்கானது. பயன்படுத்துவதென்றால் எண்ணெய் பிரிக்கும் பேணி உள்ள டப்பெட் மூடியோடு இணைத்து, வால்வ் மூடிக்கு வடிகட்டியும் சிறு துளையும் உள்ள எண்ணெய் மூடியைப் போட வேண்டும்; வால்வ் மூடியின் பழைய ஹோஸ் இணைப்பு மூடப்பட வேண்டும். பயன்படுத்தாவிட்டால் இறுக்கமான ரப்பர் மூடியும் கிளிப்பும் போட்டு அடையுங்கள். திறந்தபடி விட்டால் கணக்கில் வராத காற்று அந்த வழியாக நுழையும், நீங்கள் எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிற்காது. ‘புதுக் காபரேட்டர் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில இந்த முனை திறந்திருந்ததால்தான்.

*பெற்றோல் தாங்கி.* தாங்கியிலிருந்து பெற்றோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய மூடியில் அதற்கு வழி உண்டு. மூடி தொலைந்து, வேறு காரின் இறுக்கமான மூடியைப் போட்டிருந்தால் இப்படி நடக்கும்: இருபது முப்பது கிலோமீற்றர் நன்றாக ஓடும், பிறகு இழுக்காது, நின்றுவிடும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து காதை வையுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் வியாதி கிடைத்துவிட்டது. காற்றுவழியுள்ள மூடி ஒன்று வாங்குவதே சரி. அவசரத்துக்கு மூடியில் ஒரு மில்லிமீற்றர் துளை போடுபவர்கள் உண்டு. தாங்கியை நிறைத்தால் அதனூடாகப் பெற்றோல் கசியும் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன்.

இவற்றோடு வக்யூம் குழாய். இது வெளிக்காற்றுக்குப் போகும் குழாய் இல்லை, ஆனால் கசிந்தால் அதே தொல்லை தரும். டிஸ்ரிபியூட்டர் பக்கம் உள்ள குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிடிப்பு நின்றால் உள்ளே உள்ள சவ்வு நல்லது. நழுவினால் கிழிந்திருக்கிறது.

முதல் ஸ்டார்ட்

பற்றரியைக் கொடுத்து, சாவியை மட்டும் திறவுங்கள். பம்பு டக் டக் என்று அடித்து, சேம்பர் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிவு, அல்லது நீடில் வால்வு மூடவில்லை. கீழே காற்றுக் குழாய் முனையைப் பாருங்கள். பெற்றோல் சொட்டினால் சாவியை மூடி, மூடியைக் கழற்றி வால்வைச் சுத்தம் செய்யுங்கள். எஸ்யூ பம்புக்குப் பதிலாக வேறு மின்பம்பு போட்டிருந்தால் அதன் அழுத்தத்தைப் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும் பம்பு எஸ்யூ நீடில் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். அதற்குக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் சொட்டாமல் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும், சோக் முழுக்க உள்ளே இருக்க, மிக்ஸர் (பெற்றோலும் காற்றும் கலக்கிற அளவு) பார்க்கலாம். காபரேட்டர் பக்கத்தில் பிஸ்டன் தூக்கும் சிறிய பின் ஒன்று இருக்கும். அதை மெதுவாகத் தள்ளி, தளர்வு முடிந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகப் பிஸ்டனை உயர்த்துங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், நட்டை ஒரு முகம் மேலே திருகுங்கள். உடனே ஓட்டம் விழுந்து நிற்கப் போனால் பெற்றோல் போதாது, ஒரு முகம் கீழே. சற்றே கூடி மீண்டும் பழையபடி வந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் மட்டும். திருகியதும் எஞ்சினை ஒரு தடவை ரேஸ் பண்ணி நிலைக்க விடுங்கள்.

ரோட்டில்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகும் ரோடு இதற்கு மிக நல்லது. சமதரை, நேர்ரோடு, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடலாம். போய்ச் சேர்ந்ததும் ஐட்லிங்கில் விடாமல் எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் அல்லது சாம்பல் நிறம் நல்லது. கரிபோல் கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் போதாது, அது ஆபத்து, வால்வும் பிஸ்டனும் வெந்துபோகும். செங்கலடியிலிருந்து பதுளைப் பக்கம் ஏறுபவர்களுக்கு ஒன்று: மேலே போகப் போகக் காற்று மெலியும், பெற்றோல் சற்று அதிகமாகத் தெரியும். ஒரு நாள் பயணத்துக்காக நட்டைத் தொட வேண்டாம்.

அப்புறம் வெயில் சோதனை. அரை மணி ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். சூடு ஏறுவது நிறுத்திய பிறகுதான். திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது சோக் வேண்டாம், அக்ஸிலரேட்டரைப் பாதிவரை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை இழுங்கள். பெடலைத் திரும்பத் திரும்ப அடிப்பதால் பலன் இல்லை. எஸ்யூவில் பெற்றோல் பீச்சும் பம்பு கிடையாது. அப்படியும் கஷ்டப்பட்டால் பெற்றோல் ஹோஸ் மனிபோல்டுக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் பில்டரை எக்ஸோஸ்டுக்கு மேல் தொங்கவிட்டிருந்தால் பம்புக்கு முன்பக்கமாக, குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

முதல் நூறு கிலோமீற்றருக்குப் பிறகு, எஞ்சின் குளிர்ந்ததும், பிளாஞ் நட்டுகளை ஒரு தடவை இறுக்குங்கள்; கஸ்கெட் அமுங்கியிருக்கும். கார்த்திகை மழை தொடங்க முன்பு கீழே படுத்து ப்ளோட் சேம்பர், பிரீதர் குழாய் முனைகள் இரண்டையும் பாருங்கள். சேறு அப்பியிருந்தால் துடையுங்கள். வெள்ளம் ஏறிய ரோட்டில் பிரீதர் முனை தண்ணீருக்குள் போகும் ஆழம் இருந்தால் காரைத் திருப்பிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பம்பு வயரைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டு ப்ளோட் சேம்பரில் மிஞ்சுவதையும் வடித்துவிடுங்கள். குழாய் முனைகளில் நுளம்பு வலைத் துண்டைச் சுற்றிக் கட்டினால் குளவி வராது, காற்றும் போய்வரும்.